இட்லிக் குண்டானில் பிரெஞ்சு ரொட்டி

என் ஓரகத்தி அருணாதேவியும் நானும் பேசிக்கொள்வதில்லை. பேசிக்கொள்வதில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம் என்று அர்த்தமில்லை. நாள் முழுக்கப் பேசுகிறோம். அவள் பூனையிடம் பேசுவாள், நான் தண்ணீர்க் குடத்திடம் பேசுவேன். பூனைக்குப் பால் ஊற்றிக்கொண்டே, "சில ஜென்மத்துக்கு வெக்கம்னு ஒண்ணு வெச்சே படைக்கல" என்று அவள் சொன்னால் அது எனக்கு. நான் குடத்தை நங்கென்று வைத்து, "உனக்கு வயிறு மட்டும்தான் இருக்கு, மனசு கெடையாது" என்றால் அது அவளுக்கு. இப்படி ஜாடை பேசுவதில் எங்கள் இரண்டு பேரையும் மிஞ்ச செங்கம் ரோட்டில் ஆள் இல்லை. முகத்தைப் பார்த்து யார் முதலில் பேசுகிறாளோ அவள் இறங்கி வந்தவள். நான் இறங்கி வருகிற ஆள் இல்லை. அவளும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சண்டை ஆரம்பித்தது ஒரு தட்டுச் சோற்றில். என் அம்மா போளூரிலிருந்து தீபத்துக்கு வந்திருந்தாள். கூட்டத்தில் நசுங்கி, மலையைச் சுற்றிவிட்டு, கால் வீங்கி மத்தியானம் வந்து உட்கார்ந்தாள். அருணாதேவி சோறு போட்டாள். நான் தட்டைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. காலையில் வடித்தது என்றாள் அவள். முந்தின நாள் வடித்தது என்று நான் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். கூடத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும்போது, "எங்க அம்மாவுக்குப் பழசு போட்டுட்டாங்க" என்று சத்தமாகவே சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

பிறகு மாமனார் சுப்பிரமணி ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்துவிட்டார். மூத்த மருமகள் என்று அடுப்படி அவளுக்குப் போனது. எனக்குக் கொல்லையில் குளியலறைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும். வெயிலில் அதுவே ஒரு அடுப்பு. மழை பெய்தால் குழம்பில் தண்ணீர் ஜாஸ்தியாகிவிடும். தண்ணீர் வேண்டுமென்றால் குளியலறைக் குழாயில் பிடித்து வர வேண்டும், அதுவும் யாரும் உள்ளே குளிக்காத நேரமாகப் பார்த்து. என் வீட்டுக்காரர் மாறன், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க எழிலு" என்பார். அவர் வேன் ஓட்டுகிறவர், காலையில் போனால் இரவு வருவார். அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டது நான்தான். எல்லாவற்றையும் விட எரிச்சல் என்னவென்றால், அவள் அடுப்படி ஜன்னல் நேராக என் கொட்டகையைப் பார்த்தபடி இருந்தது. நான் வெங்காயம் நறுக்கினால்கூட அவளுக்குத் தெரியும்.

மாமனார் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தை விற்று, ஆசிரமத்துக்குப் பின்னால் சந்துக்குள் இந்த வீட்டைக் கட்டியவர். மாடியில் இரண்டு ரூம் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு. அதில் ஒன்றில் குளிர்காலம் வந்தால் ஓடில் என்கிற பிரெஞ்சுக்கார அம்மா வந்துவிடுவார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லி, நரைத்த கிராப்பு. எதையும் முகத்துக்கு நேராகச் சொல்கிற ஆள். சாம்பாரில் உப்பு கம்மி என்றால் கம்மி என்பார், சிரிக்க மாட்டார். எங்கள் வீட்டில் அவரோடு இங்கிலீஷ் பேசுவது நான்தான். கல்யாணத்துக்கு முன்னால் செங்கம் ரோட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தேன். அவரவர் ஊருக்குப் போன் போட்டு அழுகிற வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்ட இங்கிலீஷ் அது. இலக்கணம் கேட்காதீர்கள், வேலை நடக்கும்.

தொண்ணூற்றொன்பது தை மாசம் ஓடிலம்மா மாமனாரிடம் ஒரு விஷயம் கேட்டார். தெருவைப் பார்த்த எங்கள் முன்ரூமில் இருந்த டெய்லர் காலி பண்ணிவிட்டுப் போயிருந்தார். அந்த ரூமைத் தான் வாடகைக்கு எடுத்து, சீசனுக்கு வருகிறவர்களுக்குச் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போடப் போவதாகச் சொன்னார். கேஸ் அடுப்பு, மேடை, பாத்திரம் கழுவத் தொட்டி, தொட்டிக்கு மேலே குழாய். நடத்துவதற்கு இந்த வீட்டுப் பெண் ஒருத்தி வேண்டும். நான்தான் மொழிபெயர்த்தேன். குழாய் என்ற இடம் வந்ததும் அதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். திருகினால் தண்ணீர் வருகிற குழாய், நாலு பக்கமும் சுவர், அவள் கண் படாத அடுப்பு. எனக்கு அந்த ரூம் வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன். வாழ்க்கையில் வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை, கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுப்படி ஜன்னலுக்குள்ளிருந்து அவள் பூனையிடம் சொன்னாள். "நாலு பேரு வந்து போற எடம். சமைக்கத் தெரிஞ்சவங்க நின்னாத்தான் வூட்டுக்குக் கௌரவம்."

அவளுக்கு எதற்கு அந்த ரூம்? ஏற்கெனவே அடுப்படி அவளிடம் இருக்கிறது. எனக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மாமனார் தலையைச் சொறிந்தார். "ரெண்டும் என் மருமவளுங்கதான். நான் ஒருத்தியச் சொன்னா இன்னொருத்தி என்னை உயிரோட வுடமாட்டா. நீங்களே ரெண்டு பேர் கையையும் பாத்து, யாருன்னு சொல்லிடுங்க" என்றார்.

அதையும் நான்தான் இங்கிலீஷில் சொன்னேன். ஓடிலம்மா யோசித்துவிட்டு, அருணாதேவியின் இட்லியைத் தான் வருஷக்கணக்கில் சாப்பிடுவதாகவும், என் கையைத்தான் பார்த்ததில்லை என்றும் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்களோடு சாத்தனூர் அணைக்கு மாறனின் வேனில் பிக்னிக் போகிறார்களாம். அதற்குச் சாண்ட்விச் செய்து கொடு, பார்க்கிறேன் என்றார்.

அது சாதாரண சாண்ட்விச் இல்லை. பாண்டிச்சேரியில் செய்கிற நீளமான பிரெஞ்சு ரொட்டி. ஓடிலம்மா பகெத் என்பார், என் மாமனார் உலக்கை ரொட்டி என்பார். பாண்டிச்சேரி பஸ்ஸில் வந்த ஒன்றைக் கொண்டுவந்து, கொட்டகைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எனக்குச் செய்து காட்டினார். முதலில் ரொட்டியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினார். காய்ந்த சருகு நொறுங்குகிற மாதிரி சத்தம் வந்தது. தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என் காதில் வைத்து அமுக்கினார். இந்தச் சத்தம் வர வேண்டும், வந்தால்தான் ரொட்டி என்றார். பக்கவாட்டில் கீறி, புத்தகம் மாதிரி விரித்து, வெண்ணெய் தடவி, வெள்ளரிக்காய், தக்காளி, சீஸ் வைத்து, உப்பு தூவி மூடினார். காகிதத்தில் சுற்றிக் கட்டினார். மசாலா கிடையாது, சட்னி கிடையாது. "சிம்பிள்" என்றார். இது ஒரு சமையலா என்று எனக்கு உள்ளுக்குள் இருந்தது. ஆனால் அந்தக் குழாயை நினைத்துக்கொண்டு பயபக்தியோடு கேட்டுக்கொண்டேன்.

ஜன்னலில் அருணாதேவி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தாளே தவிர ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அவளுக்கு விளக்கிச் சொல்ல நான் என்ன அவள் அக்கா தங்கையா?

சனிக்கிழமை சாயங்காலம் மாறன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நாலு ரொட்டி வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் என் கையை விட நீளம். கொட்டகையில் எலித் தொல்லை. அதனால் காகிதப் பையோடு கூடத்து ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன். ஃபிரிட்ஜ் மட்டும்தான் அந்த வீட்டில் இன்னும் பிரிக்காத பொருள், மேல் தட்டு அவளுக்கு, கீழ்த் தட்டு எனக்கு. வெண்ணெயும் சீஸும் என் தட்டில் வைத்துவிட்டு, அமுக்கிச் சத்தம் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எழுந்து வாசல் தெளித்து, கோலம் போட்டு, குளித்துவிட்டு ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். ஃபிரிட்ஜ் மேல் ரொட்டி இல்லை. காலிக் காகிதப் பை மட்டும் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அப்போதுதான் மூக்கில் ஏறியது அந்த வாசனை. மைதாவும் ஆவியும் கலந்து, ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி.

ஓடிப்போய் அடுப்படி வாசலில் நின்றேன். அவள் பெரிய இட்லிக் குண்டானைத் திறந்துகொண்டிருந்தாள். குப்பென்று ஆவி எழுந்தது. இட்லித் தட்டில் ஈரத்துணி போட்டு, அதன் மேல் என் ரொட்டி. குண்டானுக்குள் போகாது என்று பாதிப் பாதியாக வெட்டியிருந்தாள். ஒரு துண்டை எடுத்தாள். அது அவள் கையில் தொங்கியது.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. அந்த நிமிஷத்தில்கூட நான் அவளைப் பார்த்துப் பேசவில்லை. வாசல்படியில் இருந்த குடத்தைப் பார்த்துத்தான் கத்தினேன். "நல்லா இருந்ததை வேக வெச்சு நாசம் பண்ணிட்டாங்களே. இது மனுஷங்க செய்யற வேலையா? அடுத்தவ அடுப்புல மண்ணு வுழணும்னு ராத்திரியெல்லாம் தூங்காம இருப்பாங்களா?"

பூனை அடுப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. அவள் அதனிடம் திரும்பினாள். "தூங்காம இருந்தது உண்மைதான். ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தவ தொட்டுப் பாத்தேன். கட்டையாட்டம் காஞ்சு கெடக்குது. அந்தம்மா அன்னிக்கே காதுல வெச்சு அமுக்கிப் பாத்தாங்க, காஞ்சிருக்குதான்னு. அது தெரிஞ்சும் காஞ்சதையே கட்டிக் குடுக்கறாங்களே, ஒரு சூடு காட்டினா பஞ்சாட்டம் ஆயிடும்னு தெரியல."

"குடமே, கேட்டுக்கோ. அந்த ரொட்டியே அப்படித்தான் இருக்கணும். சத்தம் வந்தாத்தான் ரொட்டி. தெரியாட்டி தெரிஞ்சவங்களக் கேக்கணும்."

"கேக்கறதுக்கு வாய் இருக்குது. பதில் சொல்றதுக்குத்தான் இந்த வூட்டுல ஆளு இல்ல" என்றாள் பூனையிடம்.

"வேணும்னே பண்ணிட்டு நியாயம் வேற."

அவள் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் போட்டாள். குரல் கொஞ்சம் உடைந்தது. உடைந்தாலும் பூனையைத்தான் பார்த்தாள். "இந்த வூட்டுல பழசு போட்டாங்கன்னு ஒருதரம் ஊரே கேக்கப் பேர் வாங்கினது போதும். இன்னொருதரம் வெள்ளக்காரங்க வாயாலயும் கேக்க எனக்குத் தெம்பில்ல."

நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்காததால் அது நடிப்பா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? தட்டோடு ரொட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். வெளியே மாறன் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாடியில் ஓடிலம்மா ரூமில் தண்ணீர் விழும் சத்தம். இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடுவார்கள், பாண்டிச்சேரிக்குப் போய் வேறு ரொட்டி வாங்க இறக்கையா இருக்கிறது?

ஸ்டவ்வைப் பம்ப் அடித்துப் பற்றவைத்து, தோசைக் கல்லைப் போட்டு, ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப் புரட்டிச் சுட்டேன். என் கல் சின்னது, ஒரு தடவைக்கு இரண்டு துண்டுதான் வைக்க முடியும். அவளிடம் பெரிய இரும்புக் கல் இருக்கிறது, கேஸ் இருக்கிறது. ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் அந்தப் பெரிய கல்லை எடுத்து ஜன்னல் திண்டின் மேல் சாய்த்து வைத்து, "கல்லு சும்மாதான் இருக்குது" என்று பூனைக்குச் சொன்னாள். செய்ததையும் செய்துவிட்டுக் கல்லைக் காட்டுகிறாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேலே காய்ந்து கறுத்தது, உள்ளே களியாகவே இருந்தது. காதில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. மண்ணெண்ணெய் நாற்றம்தான் வந்தது. வெண்ணெய் தடவினால் உருகி ஓடியது. ஆற வைக்க நேரமில்லை. வெள்ளரிக்காயையும் தக்காளியையும் சீஸையும் வைத்து மூடி, வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, வாழைநாரால் கட்டினேன். பார்ப்பதற்கு லட்சணமாகத்தான் இருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்தது, ஸ்டவ் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

ஓடிலம்மா இறங்கி வந்து பொட்டலங்களை வாங்கிக்கொண்டார். "வெரி நைஸ்" என்று நாரைத் தடவிப் பார்த்தார். வேன் சந்து முனை திரும்பும் வரைக்கும் நின்றேன்.

அன்றைக்கு நான் சமைக்கவில்லை. அருணாதேவியின் அடுப்படியிலிருந்து கத்திரிக்காய்க் குழம்பு வாசனை வந்துகொண்டே இருந்தது. சாத்தனூரில் மரத்தடியில் உட்கார்ந்து ஓடிலம்மா அந்தக் காகிதத்தைப் பிரிப்பது திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. நாசமாய்ப் போக என்று அவளைச் சபித்தேன், ஒரு முறை இல்லை, பல முறை. குடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது.

சாயங்காலம் வேன் வந்தது. சிநேகிதர்களை வழியிலேயே அவரவர் இடத்தில் இறக்கிவிட்டு, ஓடிலம்மா மட்டும் நேராக உள்ளே வந்தார். மாறன் வேனைக் கழுவப் போய்விட்டார், சங்கடம் வருகிற இடத்தில் அவர் எப்போதும் இருக்க மாட்டார். கூடத்தில் மாமனார் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூத்த மகன், அருணாதேவியின் வீட்டுக்காரர் இளவரசன் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். அருணாதேவி அடுப்படி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், மடியோரத்தில் பூனை.

ஓடிலம்மா என்னைப் பார்த்து, அது ரொட்டியே இல்லை என்றார். சோப்பைக் கடித்த மாதிரி இருந்ததாம். பாதிப் பேர் நாய்க்குப் போட்டுவிட்டார்களாம். நான் செய்து காட்டியது ஒன்று, நீ செய்தது வேறு, ரொட்டியை ஏன் வேகவைத்தாய் என்று கேட்டார்.

இதற்காகத்தான் நாள் முழுக்கப் பட்டினியோடு காத்திருந்தேன். நான் வேகவைக்கவில்லை, இவள் வேகவைத்தாள் என்று அருணாதேவி பக்கம் கையை நீட்டினேன். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் நீட்டிய கை யாருக்கும் புரியும். கீரை ஆய்கிற கை நின்றது.

ஓடிலம்மா அவள் பக்கம் திரும்பினார். "ஏன் என்று கேள்" என்றார் என்னிடம்.

நான் மாமனாரைப் பார்த்துச் சொன்னேன். "ஏன் ரொட்டிய வேக வெச்சாங்கன்னு ஓடிலம்மா கேக்கறாங்களாம்."

மாமனார் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். அவள் காம்பைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே, காலையில் சொன்னதையே பூனையிடம் திரும்பச் சொன்னாள். ராத்திரி தொட்டுப் பார்த்தது, கட்டையாகக் கிடந்தது, காதில் வைத்துப் பார்த்தது, பழசு போட்ட வீடு என்று பேர் வாங்கியது, எல்லாம். கடைசியில், "ஊரு விட்டு ஊரு வந்து, சாப்பாட்டுக்கு அடுத்தவங்க கைய எதிர்பாக்கறவங்க. அவங்களுக்குக் காஞ்சதப் போட எனக்கு மனசு வரல. தப்புன்னா தப்புதான்" என்று முடித்தாள்.

நிதானமாக இருக்கிற ஆளாக இருந்தால் அதை வேறு மாதிரி திருப்பியிருப்பார்கள். பொறாமையில் கெடுத்தேன் என்று சொல்கிறாள் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம், கேட்க யாருக்கு இங்கிலீஷ் தெரியும்? ஆனால் கோபம் வந்தால் எனக்குப் பொய் வராது. பொய் சொல்ல ஒரு பொறுமை வேண்டும். எனக்கு அவள் எப்பேர்ப்பட்ட மடச்சி என்பதை ஓடிலம்மாவுக்குக் காட்ட வேண்டியிருந்தது. மொறுமொறுப்புக்கும் பழசுக்கும் வித்தியாசம் தெரியாதவளிடம் கடையைக் கொடுப்பார்களா? அதனால் ஒன்று விடாமல் சொன்னேன். பாருங்கள் இவள் புத்தியை, நீங்கள் காதில் வைத்ததைக்கூட ரொட்டி காய்ந்துவிட்டதா என்று பார்த்தீர்கள் என நினைத்திருக்கிறாள் என்று சொன்னேன். உங்களுக்குப் பழையது போடக் கூடாது என்று தூங்காமல் கிடந்தாளாம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அம்மாவுக்குச் சோறு போட்ட கதையையும் சேர்த்துத்தான்.

ஓடிலம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. இங்கிலீஷில் மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். இந்த ஊருக்கு எத்தனையோ தடவை வந்துவிட்டேன். எனக்கு மிச்சத்தைப் போட்டிருக்கிறார்கள், புளித்ததைப் போட்டிருக்கிறார்கள், கூட வாங்கியிருக்கிறார்கள். நான் பழையதைத் தின்றுவிடுவேனோ என்று தூக்கம் கெட்ட ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். ரொட்டி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ரூமை அருணாதேவிக்குக் கொடுக்கிறேன், சொல்லிவிடு.

சொல்லிவிடு என்று என்னிடமே சொன்னார்.

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருணாதேவியும் பார்த்துக்கொண்டிருந்தாள், வெகு நாளைக்குப் பிறகு நேராக என் முகத்தை. ஓடிலம்மா குரலில் இருந்த கண்டிப்பைக் கேட்டுத் தனக்குத் திட்டு என்று நினைத்தாள் போலிருக்கிறது, கண் கலங்கியிருந்தது. அவளுக்குக் கிடைத்துவிட்டது என்பது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"இன்னாம்மா சொல்றாங்க?" என்றார் மாமனார்.

நான் ஃபிரிட்ஜைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். "முன்ரூமு பெரிய மருமவளுக்காம். பழசு போட மாட்டாங்களாம், அதனால குடுக்கறாங்களாம்" என்றேன். சொன்னதும் கொட்டகைக்கு வந்து, தகரக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துணியை வைத்து அழுதேன். துக்கத்தில் அழுததாக யாரும் நினைக்க வேண்டாம். ஆத்திரம் தாங்காமல் அழுதேன். என் வாயாலேயே அவளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வருஷம் சீசனுக்குக் கடை திறந்தது. கேஸ் அடுப்பு, மேடை, தொட்டி, குழாய் எல்லாம் ஓடிலம்மா சொன்னபடியே வந்தது. திறப்பதற்கு முந்தின நாள் அருணாதேவி பாத்திரங்களை முன்ரூமுக்கு மாற்றினாள். குண்டான், பெரிய கல், கரண்டிகள், மிளகாய்த்தூள் டப்பா. நான் கொட்டகையில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை. கடைசி நடையில் அவள் அடுப்படி வாசலில் நின்றாள். கழுவித் துடைத்த மேடை அவளுக்குப் பின்னால் பளபளவென்று தெரிந்தது. பூனை அவள் காலைச் சுற்றியது.

"இனிமே இந்த அடுப்பு சும்மாதான் கெடக்கும்" என்றாள் அதனிடம். "சாவிய ஆணியில மாட்டியிருக்கறேன். மழையில நனைஞ்சிக்கினு கஷ்டப்படறவங்க யாராவது இருந்தா வந்து பொழங்கிக்கட்டும். எனக்கொண்ணும் இல்ல."

நான் அரிசியில் கல்லைத் தேடிக்கொண்டே இருந்தேன். பூனை கத்தியது. அவள் மிளகாய்த்தூள் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாறன் சொல்லிப் பார்த்தார். மாமனாரும், "அவளே வுட்டுக் குடுத்துட்டா, போயேன்மா" என்றார். எனக்கா விட்டுக்கொடுத்தாள்? பூனைக்குத்தானே விட்டுக்கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்து, எழிலரசி, இந்த அடுப்படியை எடுத்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த நிமிஷம் போகிறேன். கடையில் பேச்சுப் புரியாமல் அவள் தடுமாறும்போது வெள்ளைக்காரர்கள் சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைக்கு வந்து என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறார்கள். காரம் கம்மியா, பால் போட்டதா என்று குடத்தைப் பார்த்து இரண்டு மொழியிலும் கத்துகிறேன், அது முன்ரூம் வரைக்கும் கேட்கிறது. அவள் செய்து அனுப்புகிறாள். இப்போது வியாபாரம் நன்றாக நடக்கிறது.

சாவி ஆணியில்தான் தொங்குகிறது. வருஷம் போய்க்கொண்டே இருக்கிறது, அந்த அடுப்படியில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. நேற்றும் மழை, சோற்றுப் பானைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டுதான் வடித்தேன்.